வீட்டு வண்டிப்பாதைக்கு நீர் கசியும் தளம்: தேர்வும் செலவுக் கணக்கும்

தோட்டத்து வீடுகளில் தெருவாசலிலிருந்து வீட்டு முற்றம் வரை உள்ள வண்டிப்பாதை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சேறாகிவிடுகிறது. பால் வண்டி உள்ளே வர மறுக்கிறது. டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளத்தில் நீர் தேங்கிக் கொசு உற்பத்தியாகிறது. இதற்கு விடிவாகப் பல விவசாயிகள் கையில் பணம் வந்ததும் பாதை முழுவதும் சிமெண்டுக் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். சேறு போய்விடுகிறது, ஆனால் வேறொரு தொல்லை வந்து சேருகிறது. பாதையில் விழும் மழை முழுவதும் ஒரே பக்கமாக ஓடி, மாட்டுத் தொழுவத்திற்குள்ளோ, அடுத்தவர் வயலுக்குள்ளோ பாய்ந்து வரப்பை அறுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக இருப்பது நீர் கசியும் தளம். வண்டியின் பாரத்தைத் தாங்கும். மழை நீரையும் தன்னுள் இறங்கவிடும்.

10 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள பாதையின் பரப்பு 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர் நீர். எனவே 25 மி.மீ. மழையில் இந்தப் பாதையில் மட்டும் 1,400 லிட்டர் நீர் விழுகிறது. ஆண்டுக்கு 700 மி.மீ. மழை பெறும் பகுதியில் இது சுமார் 39,000 லிட்டர். தூறல்களில் ஆவியாவது போக 10-ல் 7 பங்கு மண்ணில் இறங்கினாலும் 27,000 லிட்டர் ஆகிறது. நாளொன்றுக்கு 60 லிட்டர் வீதம் ஒரு கறவை மாட்டுக்கு 450 நாள் தேவைக்குச் சமம்.

இதைக் கேட்டுவிட்டுப் பாசனக் கிணறு ஊறிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஓர் ஏக்கர் நெல்லுக்கு 1,200 மி.மீ. நீர் என்று கொண்டால் சுமார் 48 லட்சம் லிட்டர் வேண்டும். அதன்முன் 27,000 லிட்டர் எம்மாத்திரம்? பாசனத்திற்காக நிலத்தடி நீரைப் பெருக்க வேண்டுமானால் பண்ணைக் குட்டையும் வரப்பு உயர்த்துதலும்தான் வழி. அதே பணத்தில் பல மடங்கு நீர் நிற்கும். நீர் கசியும் தளத்தின் பலன் சேறற்ற முற்றம், அரிக்கப்படாத மண், பாதையோரத்து மரங்களுக்குக் கிடைக்கும் ஈரம் ஆகியவையே. இந்த அளவோடு எதிர்பார்த்துச் செலவிடுபவர் ஏமாறமாட்டார்.

மண்ணை முதலில் சோதிக்க வேண்டும்

எந்தக் கல் வாங்குவது என்று யோசிக்கும் முன் அடியில் உள்ள மண் எவ்வளவு நீரை ஏற்கும் என்பதை அறிய வேண்டும். மணற்பாங்கான மண் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் நீரை உறிஞ்சும். மணற்சாரி வண்டல் 20 முதல் 30 மி.மீ., வண்டல் 10 முதல் 20 மி.மீ., களி கலந்த வண்டல் 5 முதல் 10 மி.மீ., களிமண் 1 முதல் 5 மி.மீ. வரையே ஏற்கும்.

தன் மண் எந்த வகை என்பதை விவசாயி தாமே பார்த்துக்கொள்ளலாம். பாதை அமையவிருக்கும் இடத்தில் ஓர் அடிச் சதுரமாக, இரண்டு அடி ஆழத்தில் குழி எடுத்து நீர் நிரப்ப வேண்டும். முதல் முறை நிரப்பிய நீர் காய்ந்த மண்ணை நனைப்பதற்கே போய்விடும். அதைக் கணக்கில் கொள்ளக் கூடாது. அது வற்றியபின் மறுபடியும் நிரப்பி, குச்சி ஒன்றில் அடையாளமிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். குழியின் பக்கச் சுவர்களும் நீரை இழுப்பதால், கிடைத்த அளவில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது பத்திரம். அவ்வாறு பாதியாக்கியபின் மணிக்கு அரை அங்குலத்திற்குக் குறையாமல் இறங்கினால் தளம் தாராளமாக வேலை செய்யும். அதற்குக் குறைந்தால் அடியில் துளையிட்ட 3 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைப் பதித்து, எஞ்சிய நீர் தென்னந்தோப்புக்கோ வாழைக்கோ போகும்படி செய்ய வேண்டும்.

கரிசல் மண்ணில் தனிக் கவனம் தேவை. விருதுநகர், கோவில்பட்டிப் பகுதிகளில் உள்ளது போன்ற கரிசல், நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் தன்மையுடையது. வீட்டுச் சுவரை ஒட்டி அதில் நீரை இறக்கினால் அடித்தளமே அசைந்து சுவரில் விரிசல் காணும். எந்த மண்ணிலும் சுவரிலிருந்து 10 அடி தள்ளியே நீர் இறங்கும் பகுதி தொடங்க வேண்டும். கரிசலில் வடிகுழாய் இல்லாமல் இத்தளத்தை அமைக்கவே கூடாது. காவிரிப் படுகையில் சில இடங்களில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மட்டம் 3, 4 அடிக்கே வந்துவிடும். அங்கே பள்ளம் பறித்துத் தளம் போடுவது வீண். பாதையைத் தரைமட்டத்திற்கு மேல் உயர்த்தி ஜல்லி விரிப்பதே போதும்.

கிணறும் தொழுவமும்

தரையில் இறங்கும் நீர் தன்னோடு எதைக் கொண்டுபோகிறது என்பது பலர் கவனிக்காத விஷயம். பாதையின் ஓரத்தில் எருக்குழி, யூரியா மூட்டை அடுக்கும் திண்ணை, மருந்து தெளிப்பானைக் கழுவும் இடம் ஆகியவை இருந்தால் அங்கிருந்து வழியும் நீரும் தளத்தின் வழியே நேராக உள்ளே இறங்கிவிடும். சாண நீரிலும் உரத்திலும் உள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிக் கிணற்று நீரில் கலக்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இதற்கு நிறமோ மணமோ இல்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது, வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராண வாயுவை ஏந்திச் செல்லும் திறனை இழந்து, உடல் நீலம் பாரித்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே குடிநீர்க் கிணறு 100 அடிக்கு அப்பால் இருந்தால் நல்லது. அதற்குள் இருக்குமானால் எருக்குழியையும் உரக் கிடங்கையும் பாதையின் தாழ்ந்த பக்கத்திற்கு மாற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். டிராக்டருக்கு எண்ணெய் மாற்றும் இடத்திற்கும், தெளிப்பான் கழுவும் இடத்திற்கும் சிறு சிமெண்டுத் தளம் தனியாக வேண்டும். இந்த மாற்றங்களுக்கு இடமில்லை என்றால் நீர் கசியும் தளம் அந்த வீட்டுக்கு ஏற்றதல்ல. கான்கிரீட் போட்டு, ஓடும் நீரை வாய்க்கால் மூலம் தோட்டத்திற்குத் திருப்புவதே உசிதம்.

எந்த வகை ஏற்றது?

மிகச் சிக்கனமானது ஜல்லிப் பாதை. அடியில் 6 அங்குலம் ஒன்றரை ஜல்லியும் மேலே 3 அங்குலம் முக்கால் ஜல்லியும் விரித்து, இருபுறமும் ஓரக் கல் பதித்தால் போதும். ஓரக் கல் இல்லாவிட்டால் இரண்டே மழையில் ஜல்லி வயலுக்குள் போய்விடும். வயதானவர்களும் சைக்கிளும் இதில் நடமாடுவது சிரமம். ஆண்டுதோறும் கொஞ்சம் ஜல்லி கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

அடுத்தது பேவர் பிளாக் கல். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கல்லை நெருக்கிப் பதித்து, இடுக்கில் மணல் நிரப்பினால் பெரும்பகுதி நீர் மேலேயே ஓடிவிடும். கொத்தனார் பழக்கத்தில் அடியில் சிமெண்டுக் கலவை போட்டு, இடுக்கையும் சிமெண்டால் பூசிவிட்டால் அது வெறும் கான்கிரீட் தளந்தான். விலை மட்டும் அதிகம். நீர் கசியும் கல்லில் பக்கங்களில் சிறு புடைப்புகள் இருக்கும். அடுத்தடுத்து வைக்கும்போது 8 முதல் 10 மி.மீ. இடைவெளி தானாக விழும். அந்த இடைவெளியில் மணலைப் போடக் கூடாது. தூசியில்லாத கால் ஜல்லியை நிரப்ப வேண்டும். நீர் கல்லின் ஊடே போவதில்லை, இந்த இடுக்கு வழியேதான் போகிறது.

கார், இருசக்கர வண்டி மட்டும் வரும் வீட்டுக்கு 60 மி.மீ. கனமுள்ள கல் போதும். பாரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் வருமானால் 80 மி.மீ. கல்லை, எம்-40 தரம் என்று கேட்டு வாங்க வேண்டும். வண்டி திரும்பும் இடத்தில் கல்லை வரிசையாக அடுக்காமல் மீன்முள் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்தால் சக்கரம் முறுக்கும்போது நகராது. சேற்று உழவுக்குப் பூட்டும் இரும்புக் கேஜ் வீலோடு டிராக்டரை எந்தக் கல் தளத்தின் மீதும் ஏற்றக் கூடாது. ஒரே நாளில் கல்லின் விளிம்புகள் சிதைந்துவிடும்.

புல் வளர்க்கும் துளைக் கற்களும் உண்டு. துளையில் அருகம்புல்லை நட்டால் பார்வைக்கு அழகு, வெயில் காலத்தில் முற்றம் தணுப்பாக இருக்கும். ஆனால் கோடையில் புல்லுக்கு நீர் ஊற்றியாக வேண்டும். நீரைச் சேமிக்க வந்த தளம் நீரைக் கேட்பது பொருத்தமாக இல்லை. வீட்டில் ஆடு இருந்தால் புல் நிலைக்கப் போவதுமில்லை. செங்கல், நடைபாதைக்கு உதவும். டிராக்டர் பாரத்தில் நொறுங்கும். மணல் சேர்க்காத கான்கிரீட்டும் நீரை விடும் என்றாலும், நீரின் அளவு சற்றுத் தவறினால் அடைத்துக்கொள்ளும் அல்லது உதிரும். கைதேர்ந்த ஆள் இல்லாத ஊரில் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

அடியில் இடும் ஜல்லி

தளத்தின் உயிர் மேலே தெரியும் கல்லில் இல்லை, அடியில் உள்ள ஜல்லியில் இருக்கிறது. பேவர் தளத்திற்கு 15 அங்குலம் பள்ளம் பறிக்க வேண்டும். அதில் ஒன்றரை ஜல்லி 6 அங்குலம், அதன்மேல் முக்கால் ஜல்லி 4 அங்குலம், அதன்மேல் கால் ஜல்லி 2 அங்குலம், மேலே 3 அங்குலக் கல். ஒரே பருமனுள்ள ஜல்லியில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு வெற்றிடம் இருக்கும். 10 அங்குல ஜல்லி, அதாவது 250 மி.மீ., சுமார் 87 மி.மீ. மழையைத் தன்னுள் தேக்கிவைக்கும். பாதையின் பரப்புக்குச் சமமான 600 சதுர அடிக் கூரையின் நீரையும் இதில் விட்டால், 40 மி.மீ. மழையில் 80 மி.மீ. அளவு வந்து சேரும், அதுவும் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டதை ஒட்டிக் குழி எடுத்தவர்கள், கூரை நீரை அக்குழியில் தெளியவிட்டு, பிறகு இந்த ஜல்லிக்குள் அனுப்பலாம்.

கிரஷர் தூள், எம்-சாண்ட், சரளை ஆகியவை கலந்தால் வெற்றிடம் அடைபட்டு எல்லாம் வீணாகும். லோடு இறங்கும்முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 15 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் விளிம்பு மட்டத்திற்கு ஜல்லியை நிரப்பி, அளந்த நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். 5 லிட்டருக்குக் குறையாமல் நீர் பிடித்தால் நல்ல ஜல்லி. நீர் கலங்கலாகத் தெரிந்தாலும், 4 லிட்டரிலேயே வழிந்தாலும் தூசி கலந்த சரக்கு. திருப்பி அனுப்பத் தயங்கக் கூடாது.

பள்ளத்தின் அடி மண்ணை ரோலரால் இறுக்கிவிட்டால் நீர் இறங்காது. மேலாகச் சமன் செய்து, கடப்பாரையால் கீறிவிட்ட பிறகு ஜல்லியை இட்டு, ஜல்லியை மட்டும் அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். பாதை சரிவாக இருந்தால் ஜல்லிக்குள்ளேயே நீர் கீழ்நோக்கி ஓடித் தாழ்ந்த முனையில் பொங்கும். 20 அடிக்கு ஓர் அடிக்குமேல் சரிவு இருந்தால் கல் தளம் வேண்டாம். அதற்குக் குறைந்த சரிவானால் 15, 20 அடிக்கு ஒன்றாக ஜல்லி மட்டத்தில் குறுக்கே சிறு செங்கல் தடுப்பு கட்ட வேண்டும்.

செலவுக் கணக்கு

மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்வதை ஏற்காமல், பொருள்வாரியாகக் கணக்கிட வேண்டும். ஜல்லி யூனிட் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு யூனிட் 100 கன அடி. 600 சதுர அடிக்கு 6 அங்குல ஒன்றரை ஜல்லி 300 கன அடி. இறுகும்போது குறைவதற்காக 10-ல் ஒரு பங்கு கூட்டினால் 3.3 யூனிட். முக்கால் ஜல்லி 2.2 யூனிட். கால் ஜல்லி, இடுக்கு நிரப்பவும் சேர்த்து 1.25 யூனிட். ஆக 6.75 யூனிட். லாரிப் பெட்டியின் நீள, அகல, உயரத்தை இறக்கும் முன்னரே நாடாவால் அளந்துவிட வேண்டும். இறக்கிக் குவித்தபின் அளவு பேசிப் பயனில்லை.

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் புரிவதற்காக மட்டும், ஜல்லி யூனிட் 4,000 ரூபாய், 80 மி.மீ. கல் சதுர அடி 50 ரூபாய், பதிக்கும் கூலி சதுர அடிக்கு 15 ரூபாய், ஓரக் கல் அடிக்கு 60 ரூபாய், மண் அள்ளும் இயந்திரம் மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜல்லிக்கு 27,000 ரூபாய். கல், உடைசலுக்காக 630 சதுர அடி வாங்க 31,500 ரூபாய். கூலி 9,000 ரூபாய். இரு பக்கமும் ஒரு முனையுமாக 130 அடி ஓரக் கல்லுக்கு 7,800 ரூபாய். 3 மணி நேர இயந்திர வேலைக்கு 3,600 ரூபாய். இறுக்கும் கருவி வாடகை 2,000 ரூபாய். மொத்தம் 80,900 ரூபாய். எதிர்பாராத செலவுக்கு நூற்றுக்குப் பத்து சேர்த்தால் சுமார் 89,000 ரூபாய்.

அதே விலையில் ஜல்லிப் பாதைக்கு 5 யூனிட் ஜல்லி 20,000 ரூபாய், ஓரக் கல் 7,800 ரூபாய், 2 மணி நேர இயந்திர வேலை 2,400 ரூபாய், இறுக்கும் கருவி 2,000 ரூபாய். எதிர்பாராத செலவையும் சேர்த்துச் சுமார் 35,400 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு அரை யூனிட் கூடுதலாகப் போட 2,000 ரூபாய் ஒதுக்கினாலும், பேவர் தளத்தின் செலவை எட்ட 25 ஆண்டுக்கு மேல் ஆகும். சிறு விவசாயிக்கு இதுவே கட்டுப்படியாகும் என்பதில் ஐயமில்லை.

இரண்டு சக்கரத் தடத்தில் மட்டும் கல் பதித்து நடுவில் புல்லை விடும் முறையும் இருக்கிறது. 2 அடி அகலத்தில் இரண்டு தடம் என்றால் பரப்பு 240 சதுர அடிதான். 10-ல் 4 பங்கு. ஆகவே செலவும் அந்த விகிதத்திற்குக் குறையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு ஓரம் இருப்பதால் ஓரக் கல் 248 அடியாகப் பெருகி, அதற்கே 14,880 ரூபாய் போய்விடுகிறது. மொத்தச் செலவு சுமார் 51,000 ரூபாய். அதாவது முழுத் தளத்தின் செலவில் பாதிக்கு மேல். தோட்டத்தில் கிடக்கும் கருங்கல்லை ஓரமாகப் பதித்துக்கொள்ள முடிந்தவருக்கு மட்டுமே இம்முறை உண்மையில் மலிவு. தடங்களின் இடைவெளியைத் தம் வண்டிகளின் சக்கரங்களை அளந்து முடிவு செய்ய வேண்டும். காருக்குப் போட்ட தடம் டிராக்டருக்குப் பொருந்தாமல் போகலாம்.

பயிர்க் கடனாக வாங்கிய பணத்தை இதில் முடக்குவது கூடாது. பாதை வருமானம் தராது; தவணை நாள் மட்டும் தவறாமல் வரும். கையில் பணம் போதாதபோது, இந்த ஆண்டு ஜல்லி, அடுத்த ஆண்டு கல் என்று அடுக்கடுக்காகப் பிரித்துச் செய்வதும் தவறு. மூடப்படாத ஜல்லியில் ஓராண்டுக்குள் சேறு இறங்கி அடைத்துவிடும். நீளவாக்கில் பிரிக்க வேண்டும். வீட்டுப் பக்கத்து 20 அடியை முழுமையாக முடித்துவிட்டு, மீதியை வசதிப்பட்டபோது தொடரலாம்.

பராமரிப்பு

இத்தளத்திற்கு முதல் பகை வயலிலிருந்து டயரில் ஒட்டிவரும் சேறு. வயல் பாதை வந்து சேரும் முனையில் 10 அடி நீளத்திற்குப் பெரிய ஜல்லியை மட்டும் விட்டுவைத்தால் டயர் அதில் உருண்டு சேற்றை உதிர்த்துவிடும். மேட்டு நிலத்திலிருந்து வரும் கலங்கல் நீர் பாதைக்குள் புகாதபடி ஓரத்தில் சிறு வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். வீடு கட்டும் வேலை ஏதேனும் பாக்கி இருந்தால் அதை முடித்த பிறகே தளம் போட வேண்டும்; மணலும் சிமெண்டும் குவித்த இடம் மறுபடி நீரை விடாது. கல் தளத்தில் நெல் காயவைப்பவர்கள் கீழே தார்ப்பாய் விரித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் நெல் பாதி இடுக்கில் போய், முளைத்து நிற்கும்.

இடுக்கில் முளைக்கும் களையைக் கையால் பிடுங்குவதே சரி. களைக்கொல்லி தெளித்தால் அது போய்ச் சேரும் இடம் கிணறு. சித்திரை முதல் ஆனி வரை தளம் போடுவதற்கு ஏற்ற காலம். அதன்பின் ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், தென்னந்துடைப்பத்தால் நன்றாகக் கூட்டிவிட்டு, ஒரு குடம் நீரை ஓரிடத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் உடனே மறைந்தால் வேறு வேலையில்லை. ஓரமாக ஓடத் தொடங்கினால் அந்த இடத்தில் மட்டும் இடுக்கின் மேல் ஓர் அங்குலக் கால் ஜல்லியைக் கம்பியால் தோண்டியெடுத்து, கழுவிய புதுச் ஜல்லியை நிரப்ப வேண்டும். இதற்கென்று நாலைந்து சாக்குக் கால் ஜல்லியைத் தளம் போடும்போதே வாங்கி ஒதுக்கிவைத்துக் கொண்டால், பிற்பாடு சில்லறையாக வாங்க அலைய வேண்டியதில்லை.